ரேண்டத்தைக் கடைசியில் திறவுங்கள்: மாடுலர் சீக்வென்சரில் கிளாக், வோல்டேஜ், வாய்ப்பு

தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசருக்குப் புதிதாக வருகிறவர்கள் ரேண்டம் குமிழைத்தான் முதலில் தொடுகிறார்கள். திருப்பியதும் ஐந்து ஆக்டேவிலும் சுரங்கள் சிதறும். அரை நிமிடம் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் காது விலகிவிடும், பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லாததால். என் வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் கிளாக்கை, அதாவது தாளத் துடிப்பை, பிரிக்கிறேன், அடுத்து சுரத்தைத் தீர்மானிக்கும் வோல்டேஜுக்கு எல்லை வைக்கிறேன், ரேண்டம் கடைசியில்தான். அதையும் எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைக் கிளாக்கிடமே ஒப்படைத்துவிடுகிறேன். இப்படிப் போனால் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்து கேட்கக்கூடிய இசை கிடைக்கும்.

என்னிடம் இருப்பது 84 எச்பி அகலத்தில் ஒரே வரிசைப் பெட்டி. யூரோராக் என்ற மாட்யூல் அளவுமுறையில் ஒரு எச்பி 5.08 மில்லிமீட்டர், ஆக மொத்தம் 43 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சீக்வென்சராக, அதாவது சுரங்களை வரிசையாகத் தரும் கருவியாக, நான் பயன்படுத்துவது ட்யூரிங் மெஷின். டாம் விட்வெல் 2012-ல் மியூசிக் திங் மாடுலர் என்ற பெயரில் வெளியிட்ட மாட்யூல் அது. சர்க்யூட் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார். கிட்டாக வாங்கி நாமே சால்டர் செய்யலாம். நானும் வீட்டில் சால்டர் செய்ததுதான். கிட்டில் குறைந்த ரெசிஸ்டர்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. பக்கத்தில் டோப்ஃபர் ஏ-160, ஏ-160-2 என்று இரண்டு கிளாக் டிவைடர்கள், ஒரு லாஜிக் மாட்யூல், வோல்டேஜைப் பக்கத்துச் சுரத்தோடு சேர்க்கும் ஒரு குவாண்டைசர், பின்னால் சொல்லப்போகும் பிராஞ்சஸ். மிச்ச இடத்தில் ஆசிலேட்டர், ஒலியின் பிரகாசத்தை மாற்றும் ஃபில்டர், ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தரும் என்வலப், சத்தத்தின் அளவை மாற்றும் விசிஏ.

இவை எதுவும் கையில் இல்லையென்றால் கணினியிலேயே மாடுலரை ஓட்டும் விசிவி ராக் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசப் பதிப்பே போதும்; ட்யூரிங் மெஷின் மாதிரியில் செய்த மாட்யூல்கள் அதன் நூலகத்தில் இருக்கின்றன. கணக்கு எல்லாம் ஒன்றுதான்: அங்கேயும் ஒரு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட், 0 வோல்ட் என்றால் நடு ஸி. கேட், அதாவது சுரத்தை எழச் சொல்லும் சிக்னல், மட்டும் அங்கே 10 வோல்ட். நிஜப் பெட்டிகளில் பெரும்பாலும் 5 வோல்ட்டை ஒட்டி இருக்கும்.

கிளாக்

வேகத்தை 120 பிபிஎம்மில் வைத்து, ஒரு அடிக்கு நான்கு துடிப்பு வருமாறு அமையுங்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 125 மில்லிவினாடி. 32 துடிப்பு சேர்ந்தால் 4 வினாடி. சின்ன வயதில் மிருதங்கம் படித்தவன் நான். எனக்கு இது சதுஸ்ர நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை. இனிமேல் 32 துடிப்பை ஆவர்த்தனம் என்றே சொல்லப்போகிறேன். மேற்கத்தியக் கணக்கில் பழகியவர்கள் இரண்டு பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டிவைடரின் வேலை எண்ணுவது மட்டும்தான். 4-ஆல் பிரிக்கும் ஜாக் நான்கு துடிப்புக்கு ஒரு முறை எழும், அதாவது அரை வினாடிக்கு ஒன்று. 32-ஆல் பிரிப்பது ஆவர்த்தனத்துக்கு ஒன்று. ஏ-160-ல் 2, 4, 8, 16, 32, 64 என்று இரண்டின் அடுக்குகள் மட்டும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால் இவை ஒருநாளும் தாளம் தப்பாது. இசைக்கு முதுகெலும்பு இவைதான்: மெட்டின் என்வலப்புக்குப் பிரிக்காத கிளாக், பாஸுக்கு 8, சுருதி இடம் மாறுவதற்கு 32. ஏ-160-2-ஐப் பகா எண் முறைக்கு மாற்றினால் 2, 3, 5, 7, 11, 13, 17 கிடைக்கும். சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது.

3-ஆல் பிரித்த துடிப்பை எடுத்து, ஃபில்டரின் கட்ஆஃபை (ஒலியை வெட்டும் எல்லையை) தூக்கிவிடும் ஒரு குட்டி என்வலப்புக்கு அனுப்புங்கள். 32-ஐ மூன்றால் வகுத்தால் இரண்டு மீதி. அதனால் ஆவர்த்தனம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டு வேறு இடத்தில் நிற்கும். மூன்று ஆவர்த்தனம் கழித்து, 96-வது துடிப்பு முடிந்த பிறகுதான் சமத்துக்கு, அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடிக்கு, வந்து சேரும். 5 என்றால் ஐந்து ஆவர்த்தனம், 20 வினாடி. 7 என்றால் ஏழு ஆவர்த்தனம், 28 வினாடி. 3, 5, 7 மூன்றையும் சேர்த்து ஓடவிட்டால் எல்லாம் ஒரே சமத்தில் கூடுவதற்கு 105 ஆவர்த்தனம் ஆகும். ஏழு நிமிடம்! இதில் ரேண்டம் ஒரு துளிகூட இல்லை, அத்தனையும் கணக்கு. ஆனால் கேட்கிறவர் அடுத்த தட்டு எங்கே விழும் என்று சொல்லிவிட முடியாது. ரேண்டத்தை வைத்துச் செய்ய நினைத்த வேலையில் பாதியை இந்தப் பிரிவே முடித்துத் தந்துவிடும்.

கேபிள் செருகுவதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். 3-க்குத் தகிட, 5-க்குத் தகதகிட, 7-க்குத் தகிடதகதிமி. கையில் ஆதி தாளம், வாயில் சொல்கட்டு. எது கையோடு இழுத்துப் பிடித்து விளையாடுகிறதோ அதற்கு மட்டும் கேபிள். மூன்று பிரிவையும் ஒரே இடத்தில் குவித்தால் வெறும் கூட்டம்தான் கேட்கும். ஒன்று ஃபில்டருக்கு, ஒன்று விசிஏவின் அழுத்தத்துக்கு, ஒன்று எக்கோவின் அளவுக்கு என்று பிரித்துக் கொடுங்கள்.

இந்த 3-ஐ ஆவர்த்தனத்துக்குள் கட்டிப்போடவும் முடியும். ஏ-160-ன் 8-ஐ எடுத்து, எண்ணிக்கையைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும் ஏ-160-2-ன் ரீசெட்டில் செருகுங்கள். இப்போது 3-ன் ஜாக் 1, 4, 7 ஆகிய துடிப்புகளில் எழுந்து, எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தகிட தகிட தக. கியூப இசையிலும் ஆப்பிரிக்க இசையிலும் ஊறிய 3+3+2 இது. எட்டு இடத்தில் மூன்று அடியை முடிந்தவரை சமமாகப் பரப்பினால் இதுதான் வரும் என்பதை காட்ஃப்ரைட் டூசான் 2005-ல் யூக்ளிடின் வகுத்தல் முறையை வைத்து எழுதிக் காட்டினார். இன்றைய மாட்யூல்களில் ‘யூக்ளிடியன்’ என்று அச்சிட்டிருப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஒரு விஷயம்: ரீசெட் டிவைடர் முழுவதற்கும் பொது. 3-ஐக் கட்டினால் 5-ம் 7-ம் கூடவே கட்டுப்பட்டுவிடும். அந்த நீண்ட ஏழு நிமிடச் சுற்று வேண்டுமென்றால் ரீசெட்டைக் கழற்றிவிடுங்கள்.

டிவைடர் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, அது முதல் துடிப்பிலேயே எழுகிறதா, எண்ணி முடித்த பிறகு எழுகிறதா என்பது. இரண்டு வகையும் சந்தையில் உண்டு. முதல் வகையில் ரீசெட் ஆனதும் எல்லா ஜாக்கும் ஒன்றாக எழுந்து சமத்தைக் காட்டும். இரண்டாவது வகையில் 4-ன் ஜாக் நான்காவது துடிப்பில்தான் எழும். பாஸ் எப்போதும் ஓர் இடம் தள்ளி விழுவது போலக் கேட்கும். மேலே சொன்ன தகிட தகிட தகவும் முதல் வகையில்தான் அப்படியே வரும். கிளாக்கை நிமிடத்துக்கு 30 துடிப்பு அளவுக்கு மெதுவாக்கி எல்இடிகளைப் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ரீசெட்டும் கிளாக்கும் ஒரே கணத்தில் வரும்போது இன்னொரு சிக்கல். ரீசெட் ஒரு மயிரிழை முந்தினால் சீக்வென்சர் ஒன்றுக்குப் போய், கூடவே வந்த கிளாக்கினால் உடனே இரண்டுக்கும் தாவிவிடும். விசிவி ராக்கின் விதிமுறையில் ரீசெட் வந்த பிறகு 1 மில்லிவினாடிக்கு கிளாக்கைக் கண்டுகொள்ளக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். நிஜப் பெட்டியில் அந்தப் பாதுகாப்பு எல்லா மாட்யூலிலும் இருக்காது. முதல் சுரம் காணாமல் போகிறது என்று தோன்றினால் கிளாக் கேபிளையும் ரீசெட் கேபிளையும்தான் முதலில் பாருங்கள்.

வோல்டேஜ்

ட்யூரிங் மெஷின் தருவது வெறும் வோல்டேஜ். ஒரு வோல்ட் ஏறினால் ஆசிலேட்டர் ஓர் ஆக்டேவ் ஏறும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். 5 வோல்ட் முழுவதையும் விட்டால் 60 அரைச்சுரம். எந்த மெட்டும் அவ்வளவு இடத்தில் உட்கார்ந்து பேசாது. ஒரு வோல்ட்டில் தொடங்குங்கள், மிஞ்சிப்போனால் ஒன்றரை.

அளப்பது சுலபம். ட்யூரிங் மெஷினின் ரைட் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு கிளாக்கை ஓடவிட்டால் உள்ளே 0 அல்லது 1 தாங்கும் எல்லா அறையும் 1 ஆகிவிடும்; அப்போது வெளியே வருவதுதான் உச்ச வோல்டேஜ். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஸ்கேல் குமிழை 1 வோல்ட்டுக்கு இறக்குங்கள். மீட்டர் இல்லையென்றால் கைபேசி ட்யூனர் போதும்: எல்லாம் 0 ஆக இருக்கும்போது ஒரு ஸி, எல்லாம் 1 ஆக இருக்கும்போது அடுத்த ஸி.

இதற்குப் பிறகுதான் குவாண்டைசர். இந்த வரிசையை மாற்றவே கூடாது. எல்லையைச் சுருக்கும் அட்டெனுவேட்டர் எப்போதும் குவாண்டைசருக்கு முன்னால். பின்னால் வைத்தால் என்ன ஆகும் பாருங்கள்: குவாண்டைசர் அந்தர காந்தாரத்துக்காகச் சரியாக 0.333 வோல்ட் தருகிறது, நான்கு அரைச்சுரம். அதை 70 சதவீதத்துக்குக் குறைத்தால் 0.233 வோல்ட். அது 2.8 அரைச்சுரம், எந்தச் சுரத்திலும் சேராது. குவாண்டைசர் போட்டும் சுருதி சேரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

குவாண்டைசரில் பன்னிரண்டு பொத்தான் இருந்தால் ஸி, டி, இ, ஜி, ஏ ஐந்தை மட்டும் ஏற்றுங்கள். ஸட்ஜத்தை ஸியில் வைத்தால் இவை மோகனத்தின் சுரங்கள். சுரங்கள் மட்டும்தான், கமகம் இல்லாமல் அது மோகனம் ஆகிவிடாது. ஆனால் எங்கே விழுந்தாலும் உறுத்தாத ஐந்து சுரம் என்பதால் ரேண்டத்துக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. ஒரு வோல்ட்டுக்குள் மேல் ஸட்ஜத்தோடு சேர்த்து ஆறே சுரம்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்பது நல்லது. பக்கத்துச் சுரத்துக்கு நகர்த்தும் குவாண்டைசர் என்று வைத்துக்கொள்வோம். 0-விலிருந்து 1 வோல்ட் வரை பன்னிரண்டு பங்கு. அதில் ரிஷபத்துக்கு 2 பங்கு, காந்தாரம், பஞ்சமம், தைவதம் ஒவ்வொன்றுக்கும் 2.5, மேல் ஸட்ஜத்துக்கு 1.5. அடி ஸட்ஜத்துக்கு வெறும் 1 பங்கு, ஏனென்றால் அதற்குக் கீழே வோல்டேஜே இல்லை. எல்லா வோல்டேஜும் சமமாக வரும்போது பன்னிரண்டு சுரத்துக்கு ஒரு முறைதான் அடி ஸட்ஜம் கேட்கும்! ஆதாரச் சுரம் இவ்வளவு அரிதாக வந்தால் இசை எங்கேயும் இறங்காமல் மிதக்கும். இதற்கு மருந்து ஆஃப்செட். குவாண்டைசருக்கு முன்னால் 0.25 வோல்ட் கழியுங்கள். இப்போது எல்லை கீழ்த் தைவதத்திலிருந்து மேல் தைவதம் வரை. ஸட்ஜத்துக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைத்து 2.5 பங்கு ஆகிவிடுகிறது. கால் வோல்ட் நகர்த்தியதற்கே மெட்டுக்கு ஒரு வீடு கிடைத்த மாதிரி இருக்கும்.

சுருதி இடம் மாறுவதற்கு ஒரு நான்கு படிச் சீக்வென்சரை 32-ஆல் பிரித்த கிளாக்கில் ஓட்டி, அந்த வோல்டேஜைக் கூட்டுவேன். 0, 0.583, 0, 0.417. முதலும் மூன்றாவதும் ஸட்ஜம், இரண்டாவது பஞ்சமம், நான்காவது சுத்த மத்தியமம். குவாண்டைசருக்கு முன்னால் கூட்டினால் மெட்டு ஏறி இறங்கும், ஆனால் ஐந்து சுரத்தை விட்டு வெளியே போகாது. பின்னால் கூட்டினால் சுரக்கூட்டமே இடம்பெயரும். மத்தியமத்துக்கு நகர்ந்ததும் புதுச் சுரம் உள்ளே வரும். கீழே ஒரு ஆசிலேட்டரை ஸியில் தம்பூரா போல விட்டிருப்பதால் நான் பெரும்பாலும் முன்னால்தான் கூட்டுகிறேன்.

ஒரே சுர வோல்டேஜை இரண்டு ஆசிலேட்டருக்குப் பிரிக்கும்போது சாதாரண ஒய் கேபிளை நம்பாதீர்கள். வெளியீட்டில் 1 கிலோ ஓம், ஒவ்வொரு உள்ளீட்டிலும் 100 கிலோ ஓம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு ஆசிலேட்டர் மட்டும் இருக்கும்போது 3 வோல்ட் 2.970 ஆகப் போய்ச் சேரும். இரண்டாவதைச் செருகியதும் 2.941 ஆகிவிடும். 29 மில்லிவோல்ட் வித்தியாசம், அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வோல்டேஜைக் குறையாமல் பிரித்துத் தரும் பஃபர் உள்ள மல்டிபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிளாக்குக்கும் கேட்டுக்கும் இந்தக் கவலை வேண்டாம். அவை எழுந்ததா இல்லையா என்பது மட்டும்தான் கணக்கு.

அப்புறம், என்வலப்பை நேராகக் கிளாக்கிலிருந்து தட்டாமல் குவாண்டைசரின் ட்ரிகர் (குறுந்துடிப்பு) ஜாக்கிலிருந்து தட்டுங்கள். குவாண்டைசர் புதுச் சுரத்தை முடிவு செய்யச் சில மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் என்வலப் திறந்துவிட்டால் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் பழைய சுரத்தின் வால் ஒட்டிக்கொண்டு ‘க்ளிக்’ என்று கேட்கும்.

ரேண்டம்

இப்போதுதான் பெரிய குமிழ். அதைத் திருப்புவதற்கு முன் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு திருப்பினால் கை தானாகவே நிதானத்துக்கு வரும்.

உள்ளே 16 அறை கொண்ட ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஒவ்வொரு அறையிலும் 0 அல்லது 1. ஒவ்வொரு கிளாக்குக்கும் எல்லாம் ஓர் அறை நகரும். லெங்த் சுவிட்சில் வைத்த எண்ணில் இருக்கும் பிட், சுற்றி வந்து முதல் அறையில் நுழையும். நுழையும் அந்த வாசலில்தான் ரேண்டம். அப்படியே விடுவதா, 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டுவதா என்று ஒரு டிரான்சிஸ்டரின் இரைச்சலை வைத்து முடிவு செய்கிறது. குமிழ் அந்த வாய்ப்பை மட்டும்தான் மாற்றுகிறது. 12 மணி நிலையில் பாதிக்குப் பாதி. எதுவும் நினைவில் நிற்காது. வலது கோடியில் புரட்டலே இல்லை, சுற்று பூட்டிக்கொள்ளும். ஷிஃப்ட் ரெஜிஸ்டரை வைத்து மெட்டு உண்டாக்கும் எண்ணம் பழையது. எம்ஐடியைச் சேர்ந்த எட்வர்ட் ஃப்ரெட்கினும் மார்வின் மின்ஸ்கியும் செய்த டிரையடெக்ஸ் மியூஸ் 1972-லேயே அப்படித்தான் இயங்கியது.

இடது கோடியை நிறையப் பேர் தொடுவதே இல்லை. அங்கே ஒவ்வொரு பிட்டும் தவறாமல் புரண்டுதான் நுழையும். லெங்த் 8 என்றால் எட்டு கிளாக் கழித்து எல்லாம் நேர் எதிர், பதினாறு கழித்துப் பழையபடி. ஆகவே 16 படிச் சுற்று. இரண்டாம் பாதி முதல் பாதியின் தலைகீழ். முதலில் ஏறிய இடத்தில் இப்போது அதே அளவு இறங்கும். லெங்த் 16-ல் வைத்து இடது கோடிக்குப் போனால் 32 படி, சரியாக ஓர் ஆவர்த்தனம்: முதல் பாதியில் கேள்வி, இரண்டாம் பாதியில் பதில். என் கணக்கில் இந்த மாட்யூலிலேயே அழகான நிலை இதுதான்.

எட்டு அறைகளில் இருக்கும் பிட்டுகள் சேர்ந்துதான் வெளியே வரும் வோல்டேஜ் ஆகின்றன. மொத்தம் 256 படி. ஒரு பிட்டின் மதிப்பு எல்லையில் பாதி, அடுத்தது கால், அடுத்தது அரைக்கால் என்று இறங்கும். நாம் எல்லையை 1 வோல்ட்டில் வைத்திருக்கிறோம். ஆகவே பெரிய பிட் புரண்டால் 6 அரைச்சுரம், அடுத்தது 3, அடுத்தது ஒன்றரை, அதற்குப் பிறகு முக்கால். வாசலில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அது எட்டு அறை வழியாகவும் நடந்து போவதால் எட்டுச் சுரத்தைத் தொடும். ஆனால் சின்ன மாற்றங்களைக் குவாண்டைசர் பெரும்பாலும் விழுங்கிவிடும்; நம் காதில் விழுவது மூன்று நான்கு சுரத்தின் மாற்றம்தான். ஒரு புரட்டலுக்கு மெட்டில் பாதி மாறுகிறது. அதனால்தான் வலது கோடியிலிருந்து மிகச் சின்னத் திருப்பமே போதும். மூன்று மணி நிலையில் வைத்துக் கேளுங்கள். அடையாளம் தெரிகிற மெட்டு, ஆனால் திரும்பி வரும்போது எங்கோ ஒரு மூலை மாறியிருக்கும்.

லெங்த்தை 8-லேயே வைத்தால் ஆவர்த்தனத்துக்கு நான்கு சுற்று, சமம் எப்போதும் கெட்டியாக இருக்கும். 5, 3 என்று மாற்றினால் மேலே டிவைடரில் சொன்ன கணக்கு மெட்டுக்கும் வந்துவிடும். ஆனால் ஃபில்டரில் 3 ஓடும்போது மெட்டில் 5-ஐ வைக்காமல் ஒன்றையாவது 8-ல் நிறுத்துங்கள்.

கிளாக்கின் கையில் ரேண்டம்

ட்யூரிங் மெஷினில் பெரிய குமிழுக்கு ஒரு சிவி ஜாக், அதாவது வோல்டேஜால் குமிழைத் திருப்பும் வழி, உண்டு. அங்கே வரும் வோல்டேஜ் குமிழின் நிலையோடு கூடும். குமிழை ஒரு மணி நிலைக்கு, கொஞ்சம் தளர்வாக, கொண்டு வாருங்கள். ஏ-160-ன் 64-ஐ இந்த ஜாக்கில் செருகுங்கள். அது 32 துடிப்புக்கு உயர்ந்திருக்கும், 32 துடிப்புக்குத் தாழ்ந்திருக்கும். உயர்ந்திருக்கும் ஆவர்த்தனத்தில் மெட்டு பூட்டியிருக்கும், அடுத்த ஆவர்த்தனத்தில் நழுவும். உயரும்போதும் மெட்டு மாறிக்கொண்டே இருந்தால் குமிழை இன்னும் சற்று வலப்பக்கம் தள்ளுங்கள். டிவைடர் குறுகிய ட்ரிகர் மட்டும் தருவதாக இருந்தால் இது நடக்காது. நீண்ட கேட் வேண்டும்.

ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் மாறுவது எனக்குக் கொஞ்சம் அதிகம். அதனால் 32, 64 இரண்டு ஜாக்கையும் லாஜிக் மாட்யூலின் ‘ஆர்’ வழியாகச் சேர்க்கிறேன். இரண்டில் ஒன்று உயர்ந்திருந்தாலும் வெளியே உயர்வு. 64 துடிப்பில் 48 துடிப்பு பூட்டு, 16 துடிப்பு மட்டும் திறப்பு. டிவைடர் முதல் துடிப்பிலேயே எழும் வகையாக இருந்தால் அந்தத் திறப்பு இரண்டாவது ஆவர்த்தனத்தின் பின்பாதியில், மிருதங்கக்காரர் தீர்மானம் வைக்கும் இடத்தில் விழும். ஆறு முறை ஒரே மெட்டைக் கேட்ட காது, மாற்றம் வரும்போது அதை மாற்றமாகவே கேட்கும். இரண்டு வினாடி கலைந்து, வந்து நின்ற புது மெட்டு அடுத்த ஆறு வினாடிக்குப் பூட்டிக்கொள்கிறது. கையால் குமிழைத் திருப்பி இந்த இடத்தில் இறக்குவது ரொம்பக் கஷ்டம். கிளாக் ஒரு துடிப்புகூடப் பிசகாமல் செய்யும். எண்ணி முடித்து எழும் வகை டிவைடரில் திறப்பு சுற்றின் தொடக்கத்துக்கு வந்துவிடும். அது சுகமாக இல்லை. ஓர் இன்வெர்ட்டரை இரண்டு ஜாக்குக்கும் போட்டுச் சரி செய்யலாம்.

சுரத்தின் ரேண்டத்தோடு தாளத்திலும் கொஞ்சம் வேண்டுமென்றால் பிராஞ்சஸ். ம்யூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த இந்தச் சின்ன மாட்யூல் வரும் ஒவ்வொரு ட்ரிகருக்கும் நாணயம் சுண்டி, ஏ அல்லது பி ஜாக்கில் விடும். குவாண்டைசரின் ட்ரிகரை இதில் அனுப்பி, ஏ-யை என்வலப்புக்குக் கொடுங்கள். குமிழை ஏ பக்கமாக முக்கால்வாசி சாய்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு சுரம் விடுபடும். அந்த விடுபடல்தான் மூச்சு. பி-யைச் சும்மா விடாதீர்கள், எக்கோவின் அனுப்பும் அளவைத் திறக்கும் என்வலப்புக்குச் செருகினால் சுரம் இல்லாத இடத்தில் முந்தைய சுரத்தின் எதிரொலி எழும். ஒன்று கவனியுங்கள்: சமத்தில் விழும் சுரம் விடுபடக் கூடாது. 32-ஆல் பிரித்த கேட்டைக் குறுகிய ட்ரிகராக்கி, அதையும் ஏ-யையும் இன்னொரு ‘ஆர்’ வழியாகச் சேர்த்து என்வலப்புக்கு அனுப்பினால், நாணயம் எப்படி விழுந்தாலும் சமத்தில் ஒரு சுரம் கட்டாயம் கேட்கும்.

மார்பிள்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எமிலி ஜிலே வடிவமைத்து 2018-ல் வந்த ரேண்டம் மாட்யூல் அது. அதன் மென்பொருள் வடிவம் விசிவி ராக்கிலும் உண்டு. அங்கே டேஜா வூ குமிழ் 12 மணியில் பூட்டு, இடது கோடியில் முழு ரேண்டம். ட்யூரிங் மெஷினில் பழகிய கை பூட்டுவதாக நினைத்து வலது கோடிக்குப் போகும்; அங்கே அதே சுரங்கள் வரிசை குலைந்து வரும். ஸ்ப்ரெட் குமிழ் நம் அட்டெனுவேட்டர், பயஸ் நம் ஆஃப்செட், ஸ்டெப்ஸ் நம் குவாண்டைசர். ஸ்டெப்ஸை வலது கோடியை நோக்கித் திருப்பத் திருப்ப, முக்கியமில்லாத சுரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் ஆதாரச் சுரம் மட்டும் நிற்கும். ஸட்ஜத்தின் பங்கைக் கூட்ட நாம் போட்ட கணக்கை அங்கே ஒரே குமிழ் செய்துவிடுகிறது.

ட்யூரிங் மெஷினின் ரெஜிஸ்டர் எதையும் சேமித்து வைக்காது. மின்சாரம் போனால் மெட்டும் போனது. பிடித்த சுற்று ஒன்று அமைந்ததும் சிவி கேபிளைக் கழற்றி, குமிழை வலது கோடிக்குத் திருகி, நான்கு ஆவர்த்தனத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கூடவே எட்டுச் சுரத்தையும் தாளில் ஸ ரி க ப த என்று குறித்து வைத்தால், அதே மெட்டைப் பிறகு எட்டுப் படி உள்ள எந்தச் சாதாரண சீக்வென்சரிலும் ஏற்றிக்கொள்ளலாம்.